கடைக்கு மெயில் அனுப்பும் தளம்: எதை வைத்து ஒப்பிடுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது

ஆன்லைனில் புதிதாக விற்க ஆரம்பித்தவர்கள் மெயில் அனுப்பும் தளம் தேடும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மெயில்சிம்ப், பிரெவோ, சோஹோ கேம்பெயின்ஸ், மெயிலர்லைட் என்று நாலு பெயரை எழுதிக்கொண்டு, எதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று டிக் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் டிக் விழும். மெயிலை அழகாக வடிவமைப்பது, புதிதாகச் சேருபவருக்குத் தானாக வரவேற்பு மெயில் போவது, யார் எந்த லிங்கை அழுத்தினார்கள் என்று காட்டுவது, இதெல்லாம் இன்று எல்லாரிடமும் இருக்கிறது. நிஜமான வித்தியாசங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள்? உங்கள் மெயில் இன்பாக்ஸில் விழுகிறதா? தமிழில் எழுதினால் முழுதாகப் போய்ச் சேருகிறதா? நாளைக்கு வெளியேற நினைத்தால் உங்கள் வாடிக்கையாளர் முகவரி லிஸ்ட் உங்களோடு வருமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் தேர்வு தானாக நடந்துவிடும்.

பொதுவாகப் பேசினால் புரியாது. அதனால் ஒரு சின்னக் கைத்தறிப் புடவைக் கடையை எடுத்துக்கொள்வோம். சொந்தமாக ஒரு வெப்சைட் இருக்கிறது. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று வாடிக்கையாளர்கள். கட்டுரை முழுக்க இந்தக் கடையை வைத்தே கணக்குப் போடுகிறேன். நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெயில் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா

நம் ஊரில் வியாபாரம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கு மாவு விற்கிறீர்கள் என்றால் மெயில் தளத்துக்குச் செலவழிக்க வேண்டாம், வாட்ஸ்அப்பே போதும்.

மெயில் வேலை செய்வது வேறு வகை ஆட்களிடம். வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர்கள், பில்லும் கொட்டேஷனும் மெயிலில் கேட்கும் கம்பெனிகள், அலுவலகத்தில் உட்கார்ந்து மெயில் பார்ப்பவர்கள், பயிற்சி வகுப்பில் சேருபவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை யோசித்து வாங்கும் பொருளுக்கும் மெயில் நன்றாக ஒத்துவரும். புடவை அப்படிப்பட்ட பொருள்தான். படம் பார்த்து, மறுபடி ஞாயிற்றுக்கிழமை திறந்து, அக்காவுக்கு அனுப்பிக் கேட்டு, அப்புறம்தான் வாங்குவார்கள். வாட்ஸ்அப் செய்தி அதற்குள் எங்கோ மேலே போய்விடும். மெயில் தேடினால் கிடைக்கும்.

ஜிமெயிலிலேயே பிசிசி போட்டு (ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல்) எல்லாருக்கும் அனுப்பலாமே என்று தோன்றும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். காசு கட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸில் 2,000. எண்ணிக்கையை விடுங்கள், 'இனி வேண்டாம்' என்று விலக வழி இல்லாத மெயிலை மொத்தமாக அனுப்பினால் வாங்குபவருக்கு மிச்சம் இருப்பது 'ஸ்பேம்' பட்டன் ஒன்றுதான். அதை அவர் அழுத்தினால் கஷ்டம் உங்கள் கணக்குக்கு.

தளங்களைப் பார்க்கும் முன் நாலு எண்களை எழுதுங்கள்

ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் அனுமதியோடு வந்த முகவரிகள் எத்தனை? இதுவரை விலகிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? சாதாரண மாதத்தில் எத்தனை மெயில் அனுப்புவீர்கள்? உச்ச மாதத்தில் எத்தனை?

நம் புடவைக் கடைக்கு 1,800 முகவரிகள், விலகியவர்கள் 200 பேர். மாதம் இரண்டு மெயில் என்றால் 3,600. தீபாவளிக்கு முந்தின மாதம் ஆறு மெயில் போகும் என்றால் 10,800. அந்தக் கடைசி எண்ணைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நம் வியாபாரங்களுக்கு ஆடி, தீபாவளி, தை என்று ஏற்ற இறக்கம் உண்டு. ஏதோ ஒரு சராசரி மாதத்தை வைத்துப் பிளான் எடுத்தால், விற்பனை சூடுபிடிக்கும் வாரத்தில் 'உங்கள் வரம்பு முடிந்தது' என்று திரையில் வந்து நிற்கும்.

எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள்

ஒப்பீட்டின் முக்கால் பங்கு இதுதான், அதனால் பொறுமையாகப் பாருங்கள்.

தளங்கள் இரண்டு விதம். ஒன்று, லிஸ்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணும். இன்னொன்று, எத்தனை மெயில் வெளியே போனது என்று எண்ணும்.

மெயில்சிம்ப் முதல் வகை. 2001-ல் அட்லாண்டாவில் தொடங்கியது, 2021-ல் இன்ட்யூட் நிறுவனம் சுமார் 12 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பெயர் எல்லாருக்கும் தெரியும் என்பதால் புதியவர்கள் அங்கேதான் முதலில் போகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது, விலகிக்கொண்டவர்களையும் அது கணக்கில் சேர்க்கும். நம் கடையை 1,800 இல்லை, 2,000 பேர் என்று எண்ணும். விலகியவர்களை 'ஆர்க்கைவ்' செய்தால் கணக்கிலிருந்து போய்விடுவார்கள், ஆனால் அதை நீங்கள் ஞாபகம் வைத்து அவ்வப்போது செய்ய வேண்டும். எசென்ஷியல்ஸ் என்ற கட்டணப் பிளானில் நீங்கள் வாங்கிய முகவரி வரம்பைப் போலப் பத்து மடங்கு மெயில் மாதம் அனுப்பலாம். அதனால் தீபாவளி நெரிசல் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு மெயில்கூடப் போகாத மார்கழியிலும் அதே பணம்தான்.

பிரெவோ இரண்டாவது வகை. பாரீஸ் நிறுவனம், 2023 வரை செண்டின்ப்ளூ என்ற பெயரில் இருந்தது. பழைய கட்டுரைகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அனுப்பும் மெயில்களுக்குத்தான் காசு. பெரிய லிஸ்ட் இருக்கிறது, ஆனால் எப்போதாவதுதான் அனுப்புவேன் என்பவருக்கு இது லாபம். இலவச பிளானில் ஒரு நாளைக்கு 300 மெயில். மாதத்துக்கு 9,000 வருகிறதே, நல்லதாயிற்றே என்று தோன்றும். நம் கடைக்கு 1,800 பேர். ஒரே மெயில் எல்லாருக்கும் போய்ச்சேர ஆறு நாள் ஆகும். 'இருபது புடவைதான் இருக்கிறது' என்று எழுதிய மெயில் கடைசி 300 பேருக்குப் போகும்போது ஒரு புடவைகூட மிச்சம் இருக்காது. அறிவிப்பு மெயில் அனுப்புபவர்களுக்கு நாள் வரம்பு ஒத்துவராது. ஆர்டர் உறுதி, பில் என்று சிறுகச் சிறுகப் போகிறவர்களுக்கு அதே வரம்பு தாராளம்.

சோஹோ கேம்பெயின்ஸ் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவினுடையது. ரூபாயில் பில் வரும், ஜிஎஸ்டி ரசீது வரும். நம் ஊர்ச் சின்னக் கடைக்கு இது பெரிய நிம்மதி. இலவச பிளானில் 2,000 பேர், மாதம் 6,000 மெயில். நம் கடையின் 1,800 பேரும் 3,600 மெயிலும் அதில் அடங்கிவிடும். தீபாவளி மாதத்தின் 10,800 அடங்காது. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டணப் பிளானுக்கு மாறலாம். இலவச பிளானில் தானியங்கி வசதிகள் குறைவு. வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சோஹோ சிஆர்எம்மோ, கணக்கு எழுதும் சோஹோ புக்ஸோ ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால் வேறெங்கும் தேடவே வேண்டாம் என்பேன்.

மெயிலர்லைட் லித்துவேனியாவில் பிறந்த தளம். மெயில் வடிவமைக்கும் பக்கம் இருப்பதிலேயே சுலபமானது, முதல்முறை கை வைப்பவர்கள் மிரள மாட்டார்கள். இலவச வரம்பு 1,000 பேராக இருந்தது, 2025-ல் 500 ஆனது. மெயில்சிம்ப்பும் அப்படித்தான், ஒரு காலத்தில் 2,000 பேர் வரை இலவசமாகக் கொடுத்துவிட்டு அப்புறம் 500 ஆகச் சுருக்கியது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: இலவச வரம்பை நம்பித் தளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் எண்களுக்கு முதல் கட்டணப் படியில் என்ன விலை, லிஸ்ட் இரண்டு மடங்கானால் என்ன விலை, இந்த இரண்டையும் அவரவர் விலைப் பக்கத்தில் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறதோ அதைப் பார்த்து எழுதுங்கள். முதல் ஆறு மாதம், முதல் வருடம் என்ற தள்ளுபடி விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அசல் விலையைத்தான் எழுத வேண்டும்.

உங்கள் கடை ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடை நடத்தும் தளத்தில் ஓடுகிறது என்றால் கணக்கே வேறு. அதற்குள்ளேயே இருக்கும் மெயில் வசதியில் மாதம் 10,000 மெயில் இலவசம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு ஒரு டாலர். நம் கடையின் தீபாவளி மாதம் ஒரு டாலருக்குள் முடிந்துவிடும். கிளேவியோ மாதிரி தளங்கள் கூடைக்குள் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களைத் துல்லியமாகத் துரத்தித் தரும், ஆனால் விலை அதிகம். மாதம் சில நூறு ஆர்டர் வரும் வரை அது தேவைப்படாது என்பது என் கருத்து. பொருள் விற்காமல் எழுத்து, வகுப்பு, பாட்காஸ்ட் என்று இருப்பவர்கள் கிட் என்ற தளத்தைப் பார்க்கலாம். 2024 வரை கன்வெர்ட்கிட் என்று இருந்தது, இலவச பிளானிலேயே 10,000 பேர் வரை அனுமதிக்கிறது.

கம்ப்யூட்டர் தெரிந்த பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மெயிலை மொத்தமாக அனுப்பித் தரும் அமேசானின் எஸ்இஎஸ் சேவையில் ஆயிரம் மெயிலுக்குப் பத்து அமெரிக்க சென்ட். 10,800 மெயிலுக்கு ஒரு டாலரைத் தாண்டிச் சில சென்ட்தான் ஆகும். அதற்கு மேலே லிஸ்ட்மங்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் உருவாக்கியது, அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம். கூட ஒரு சின்ன சர்வர் வாடகை. கேட்க மலிவு. ஆனால் திரும்பி வரும் மெயில்களையும் புகார்களையும் நீங்களே கவனிக்க வேண்டும். திரும்பி வருவது 5 சதவீதத்தைத் தொட்டால் அமேசான் உங்கள் கணக்கை ஆய்வில் வைக்கும், 10 சதவீதத்தைத் தாண்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் நின்றால் எழுந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

சொந்த டொமைன் இல்லாமல் தொடங்காதீர்கள்

எந்தத் தளத்தை எடுத்தாலும் 'அனுப்புபவர்' என்ற இடத்தில் உங்கள் கடையின் டொமைன் (வெப்சைட்டின் பெயர்) இருக்க வேண்டும், ஜிமெயில் முகவரி கூடாது. ஜிமெயில் முகவரியை அனுப்புபவராகக் காட்டும் மெயில் கூகுளின் சர்வரிலிருந்து வராமல் வேறொரு தளத்திலிருந்து வந்தால், யாரோ ஆள்மாறாட்டம் செய்வதாகத்தான் வாங்கும் பக்கம் நினைக்கும்.

2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் அறிவித்து, 2024 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்த விதிகள் இதை இன்னும் இறுக்கின. ஜிமெயில்காரர்களுக்கு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதியும் இருக்க வேண்டும். 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக் முகவரிகளுக்கு இதே மாதிரி விதி போட்டது. நாம் அவ்வளவு அனுப்பவில்லையே என்று விடாதீர்கள். சின்னக் கடையும் மூன்றையும் செய்துவிடுவதே நல்லது, அரைநாள் வேலை.

எஸ்பிஎஃப் என்பது 'என் பெயரில் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கு அனுமதி உண்டு' என்ற பட்டியல். டிகேஐஎம் ஒவ்வொரு மெயிலிலும் விழும் டிஜிட்டல் கையெழுத்து. இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தளத்தின் செட்டிங்ஸில் உங்கள் டொமைனைச் சேருங்கள், அது இரண்டு மூன்று வரிகள் கொடுக்கும். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கத்தை (டொமைனின் அமைப்புகள் இருக்கும் பக்கம்) திறந்து அந்த வரிகளை அப்படியே ஒட்டுங்கள், திரும்பி வந்து 'சரிபார்' பட்டனை அழுத்துங்கள். சில நேரம் உடனே பச்சை விழும், சில நேரம் ஒரு நாள் ஆகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. உங்கள் டொமைனில் ஏற்கெனவே கூகுளுக்காகவோ சோஹோ மெயிலுக்காகவோ ஒரு எஸ்பிஎஃப் வரி இருக்கும். புதுத் தளம் கொடுத்ததை இரண்டாவது வரியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போய்விடும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான். பழைய வரிக்குள்ளேயே புதியதைச் சேர்க்க வேண்டும். டிமார்க்கை முதலில் 'எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வையுங்கள், சில வாரம் கழித்து இறுக்கலாம்.

சரியாக விழுந்ததா என்று பார்க்க, உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போங்கள். மேலே மூன்று பெயருக்கும் பக்கத்தில் 'பாஸ்' என்று இருந்தால் சரி.

தமிழில் அனுப்புபவர்கள் தனியாகப் பார்க்க வேண்டியவை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த ஒப்பீட்டிலும் இது இருக்காது. ஆனால் நமக்கு இதுதான் உயிர்.

முதல் விஷயம் எடை. மெயிலின் ஹெச்டிஎம்எல் பகுதி (எழுத்தும் அதை வடிவமைக்கும் குறிகளும்) சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டிவிட்டு, 'முழுச் செய்தியைப் பார்' என்று ஒரு லிங்க் கொடுக்கும். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட். தமிழ் அப்படியல்ல. 'வணக்கம்' என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 21. சில தளங்களின் எடிட்டர் தமிழை நேராக வைக்காமல் ஒவ்வொரு குறியீட்டையும் எண்ணாக மாற்றி எழுதிவைக்கும். அப்போது ஒரு குறியீட்டுக்கு ஏழு பைட், அதே 'வணக்கம்' 49 பைட் ஆகிவிடும். இழுத்துப்போட்டு வடிவமைக்கும் எடிட்டர்கள் கூடவே சேர்க்கும் குறிநிரலும் இதோடு சேரும்போது, பத்துப் புடவைக்கு நாலு வரி விவரம் எழுதிய தமிழ் மெயில் எல்லையைத் தொட்டுவிடலாம்.

வெட்டுப்பட்டால் போவது கடைசிப் பகுதி. விலகும் லிங்க் அங்கேதான் இருக்கும். அது தெரியாதவர் ஸ்பேம் பட்டனை அழுத்துவார். பல தளங்கள் 'திறந்தார்' என்று எண்ணும் கண்ணுக்குத் தெரியாத படத்தையும் அங்கேதான் வைக்கின்றன, அதுவும் போய்விடும். அதனால் சோதனைக் காலத்திலேயே உங்கள் வழக்கமான நீளத்தில் ஒரு தமிழ் மெயிலை ஒவ்வொரு தளத்திலும் செய்து ஜிமெயிலுக்கு அனுப்பிப் பாருங்கள். 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் கோப்பை டவுன்லோடு செய்தால் எந்தத் தளம் அதிக எடை போடுகிறது என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். அதே உள்ளடக்கத்துக்குத் தளத்துக்குத் தளம் எடை மாறுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

எழுத்துருவில் அலங்காரம் வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த அழகான தமிழ் எழுத்துரு ஜிமெயிலில் வராது, வாங்குபவரின் போனில் என்ன இருக்கிறதோ அதில்தான் தெரியும். அதற்காக மொத்த மெயிலையும் ஒரே நோட்டீஸ் படமாகச் செய்து அனுப்புவார்கள் சிலர். படம் திறக்காவிட்டால் வெறும் கட்டம்தான் தெரியும், தேடினாலும் கிடைக்காது. எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, பெயர் போட்டு அழைப்பது. எல்லாத் தளமும் வாடிக்கையாளர் பெயரைத் தானாகச் சேர்க்கும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டால் வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு ஒட்டும். 'க்கு' என்று நீங்கள் ஒட்டவைத்தால் கவிதாவுக்குப் போகும் மெயில் 'கவிதாக்கு' என்றும், முருகனுக்குப் போவது 'முருகன்க்கு' என்றும் வந்து நிற்கும். பெயரைத் தனியாக நிறுத்துங்கள்: 'வணக்கம், கவிதா.' அவ்வளவுதான். அதோடு ஆர்டர் படிவத்தில் பலர் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இனிஷியலோடு நிரப்பியிருப்பார்கள். தமிழ் மெயிலின் தலைப்பில் அது வந்து விழுந்தால் வங்கி நோட்டீஸ் மாதிரி இருக்கும். லிஸ்டில் 'அழைக்கும் பெயர்' என்று தமிழில் தனியாக ஒரு நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாதவர்களுக்கு வெறும் 'வணக்கம்' போகும்படி செட் செய்ய முடிகிறதா என்றும் தளத்தில் பாருங்கள்.

மூன்றாவது, எக்செல். லிஸ்டைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் (தளங்கள் ஏற்கும் எளிய பட்டியல் கோப்பு) சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்றிய பிறகு பத்துப் பெயர்களைத் திறந்து பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, வாடிக்கையாளர் பதிவு செய்ததும் வரும் உறுதி மெயில், விலகும்போது வரும் பக்கம், இவற்றின் வாசகத்தைத் தமிழில் மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். மெயில் தமிழில் வந்து, விலகும் பக்கம் மட்டும் புரியாத ஆங்கிலத்தில் இருந்தால் அம்மா வயதில் இருக்கும் வாடிக்கையாளர் திணறிப்போவார்.

லிஸ்டைச் சுத்தம் செய்து ஏற்றுங்கள்

காசு கொடுத்து லிஸ்ட் வாங்காதீர்கள். 'தமிழ்நாடு தொழிலதிபர்கள், ஒரு லட்சம் முகவரி' என்று விற்பார்கள். அதில் செத்துப்போன முகவரிகளும், ஸ்பேம் அனுப்புபவர்களைப் பிடிக்கவே வைத்திருக்கும் பொறி முகவரிகளும் கலந்திருக்கும். ஒரே அனுப்புதலில் உங்கள் டொமைனின் பெயர் கெட்டுவிடும், தளமும் கணக்கை மூடிவிடும்.

கூகுளின் விதிப்படி ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குக் கீழே இருப்பது நல்லது. நம் கடைக்குத் தோராயமாகப் போட்டால், 1,800 பேரில் ஆறு பேர் அழுத்தினாலே 0.3-ஐத் தாண்டிவிடும். ஆறே ஆறு பேர். அதனால்தான் விருப்பம் இல்லாத ஒருவரைக்கூட லிஸ்டில் வைத்திருக்கக் கூடாது.

மெயில் வெளியே போகும் சர்வரின் எண்ணை ஐபி முகவரி என்பார்கள். சின்னக் கடைகள் தளத்தில் பலரும் பகிரும் பொது ஐபி முகவரிகளிலிருந்துதான் அனுப்பும். அதே ஐபியில் கண்டதையும் அனுப்பும் இன்னொருவர் இருந்தால் உங்களுக்கும் அடி. அபார்ட்மெண்ட் தண்ணீர்த் தொட்டி மாதிரி, ஒரு வீட்டுக்காரர் அசுத்தம் செய்தால் எல்லாக் குழாயிலும் வரும். ஆகவே கணக்குத் திறந்ததும் 'லிஸ்ட் எங்கிருந்து வந்தது, எப்படிச் சேர்த்தீர்கள்' என்று குடையும் தளத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். எல்லாரையும் அப்படிக் குடைகிறார்கள் என்பது உங்களுக்கு நல்லது. தனி ஐபி எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது விற்க வந்தால், இந்த அளவுக்கு அது தேவையே இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. எதற்காக முகவரி வாங்குகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ தமிழ் உள்ளிட்ட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்க வழி இருக்க வேண்டும், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது கொடுத்ததைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும். பில் போடும்போது வாங்கிய முகவரியை விளம்பரத்துக்கும் பயன்படுத்துவதாக இருந்தால் அப்போதே தனியாகக் கேட்டுவிடுங்கள், டிக் பெட்டியை முன்கூட்டியே நிரப்பி வைக்காமல். அமெரிக்காவின் 2003 சட்டப்படி விளம்பர மெயிலில் தபால் முகவரி இருக்க வேண்டும், பல தளங்கள் அதைக் கட்டாயமாகவே கேட்கும். வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் பெண்கள் இதைக் கவனியுங்கள்: நீங்கள் நிரப்பும் வீட்டு முகவரி ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அச்சாகும். தபால் நிலையத்தில் போஸ்ட் பாக்ஸ் எடுத்து அந்த எண்ணைப் போட்டால் ஏற்பார்களா என்று உங்கள் தளத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு தளத்தை மட்டும் வைத்துச் சோதனை

விலைக் கணக்கில் இரண்டு தளம் மிஞ்சும். இரண்டிலும் கணக்குத் திறந்து, டொமைனைச் சரிபார்த்து, ஒரே மெயிலை இரண்டிலும் செய்யுங்கள். சொந்தக்காரர், நண்பர் என்று இருபது பேரைத் தயார் செய்யுங்கள். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக், கம்பெனி மெயில் எல்லாம் கலந்து இருக்கட்டும், ஆப்பிள் போனும் பழைய ஆண்ட்ராய்டும் இருக்கட்டும். எந்த இடத்தில் விழுந்தது என்று ஸ்க்ரீன்ஷாட் கேளுங்கள். ஜிமெயிலின் 'புரமோஷன்ஸ்' பகுதியில் விழுந்தால் பரவாயில்லை, அது விளம்பர மெயிலுக்கான இடம்தான். ஸ்பேமில் விழுந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அறிக்கைப் பக்கத்தைப் பார்க்கும்போது 'ஓப்பன் ரேட்' எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2021-ல் ஐஓஎஸ் 15-ஓடு வந்த ஆப்பிளின் தனியுரிமை வசதி, பயனர் திறக்காமலேயே படங்களை ஏற்றிவிடும். திறக்காத மெயிலும் திறந்ததாகக் காட்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அதிகம் என்றால் ஐபோன்களும் அதிகமாக இருக்கும், இந்த எண்ணும் அதற்கேற்ப வீங்கும். கிளிக்கையும், அதிலிருந்து வந்த ஆர்டரையும் எந்தத் தளம் தெளிவாகக் காட்டுகிறது என்று பாருங்கள்.

சோதனையின்போதே உதவிக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள், நம் நேரப்படி காலை பதினொரு மணிக்கு. பதில் எப்போது, எந்தத் தரத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை அதே உதவியைத்தான் நம்பி இருக்கப் போகிறீர்கள்.

அப்புறம், வெளியேறும் கதவு. பத்து முகவரியை ஏற்றி, உடனே ஏற்றுமதி செய்து பாருங்கள். சேர்ந்த தேதியும், சேர்ந்த வழியும், தமிழ்ப் பெயரும் அப்படியே வருகின்றனவா? விலகியவர்களின் பட்டியலும் தனியாகக் கிடைக்கிறதா? இது மிக முக்கியம். புதுத் தளத்துக்கு மாறும்போது விலகியவர்கள் பட்டியலைக் கொண்டுபோகாவிட்டால், 'வேண்டாம்' என்று சொன்ன 200 பேருக்கும் மறுபடி மெயில் போகும், புகார் அங்கிருந்துதான் கிளம்பும். வடிவமைத்த டெம்ப்ளேட்டும் தானியங்கி வரிசைகளும் பொதுவாக மாறி வராது. அவற்றின் வாசகத்தை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாக எப்போதும் வைத்திருங்கள்.

எந்தக் கடைக்கு எது

நம் புடவைக் கடைக்கு என்னைக் கேட்டால் சோஹோவின் இலவச பிளானில் தொடங்கி, தீபாவளி மாதத்துக்கு மட்டும் கட்டணப் பிளான் எடுக்கச் சொல்வேன். ரூபாய் பில் என்பது ஒரு காரணம், 1,800 பேருக்கும் ஒரே நாளில் அனுப்ப முடிவது இன்னொரு காரணம். அதே கடை ஷாப்பிஃபையில் இருந்தால் அங்கேயே இருக்கும் மெயில் வசதி போதும். இருபதாயிரம் பழைய மாணவர்களுக்கு வருடத்துக்கு மூன்று முறை மெயில் அனுப்பும் பயிற்சி நிறுவனத்துக்கு பிரெவோ மாதிரி அனுப்பும் எண்ணிக்கைக்குக் காசு வாங்கும் தளம். வாரம் ஒரு கடிதம் எழுதும் சமையல் ஆசிரியைக்கு மெயிலர்லைட்டோ கிட்டோ.

வெளிநாட்டுத் தளம் என்றால் டாலர் விலையோடு கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள், பல கார்டுகளில் அது 2 முதல் 3.5 சதவீதம் வரும், அதன் மேல் ஜிஎஸ்டி தனி. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வெளிநாட்டுச் சேவைக்கான வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் தாங்களே கட்ட வேண்டும், உங்கள் ஆடிட்டரிடம் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி முன்ஒப்புதல் வேண்டும் என்பதால், சில கார்டுகளில் வெளிநாட்டுச் சந்தா பாதியில் நின்றுபோகும். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமாகவே கட்டுங்கள், வருடச் சந்தாவின் தள்ளுபடி எவ்வளவு ஆசை காட்டினாலும்.

தளம் முடிவானதும் 1,800 பேருக்கும் முதல் நாளே அனுப்ப வேண்டாம். புது டொமைனிலிருந்து திடீரென்று அவ்வளவு மெயில் வந்தால் வாங்கும் பக்கம் சந்தேகப்படும். கடந்த மூன்று மாதத்தில் வாங்கிய 200 பேருக்கு முதலில், இரண்டு நாள் விட்டு 400 பேருக்கு, அப்புறம் மிச்சம். பழைய முகவரிகள் கடைசியில். திரும்பி வந்த முகவரிகளை அன்றைக்கே நீக்கிவிடுங்கள். முதல் மெயிலில் விற்கப் பார்க்காமல், எந்தக் கடை, அவர் எப்போது வாங்கினார், இனி மாதத்துக்கு எத்தனை மெயில் வரும் என்று சொல்லி, விலகும் லிங்கை மேலேயே வையுங்கள். விருப்பமில்லாதவர்கள் அப்போதே போய்விடுவார்கள். இதைப் புரட்டாசியில் ஆரம்பித்தால் தீபாவளிக்கு நேரம் பத்தாது. ஆடியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.